எட்டயபுரத்துத் தீபாவளி: முத்துசுவாமி தீட்சிதரின் வாழ்வும் அவர் கேட்ட கடைசிப் பாட்டும்

நமது கல்லூரியில் சங்கீதம் பயின்றவர்களுக்கு முத்துசுவாமி தீட்சிதர் புதியவரல்லர். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்காக அவருடைய பிறந்த ஊர், தாய் தந்தையர், முத்திரை, நவாவரணம், நவக்கிரகக் கீர்த்தனைகள் என்று வரிசையாக மனனஞ் செய்து, பரீட்சை மண்டப வாசலில் ஒருவரையொருவர் கேட்டுப் பார்த்து, எழுதி முடித்த மறுநாளே மறந்தவர்கள் நாங்கள். அந்தக் குறிப்பில் அவருடைய மரணத்துக்கு ஒரேயொரு வரிதான் இருக்கும்: 1835, எட்டயபுரம், தீபாவளி நாள். அந்த வரியைத் தாண்டி நாம் போனதில்லை. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் போகவும் தேவையில்லை. இன்று நம்மிற் பலர் தாய் தந்தையரின் கட்டிலருகே இருந்துவிட்டு வந்தவர்கள். சிலர் இப்போதும் அங்கேதான் இருக்கிறார்கள். அதனால் அந்த மகானின் சரித்திரத்தை இம்முறை நோய், மரணம், பாட்டு என்ற மூன்றும் சந்திக்கும் பக்கத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன்.

தந்தையார் இராமசுவாமி தீட்சிதர் தாமே பெரும் வித்துவான். கச்சேரித் தொடக்கத்தில் நாம் கேட்டு மகிழும் ஹம்சத்வனி இராகம் அவர் ஆக்கித் தந்தது. நாற்பது வயதாகியும் அவருக்கும் மனைவி சுப்புலட்சுமி அம்மாளுக்கும் பிள்ளையில்லை. வைத்தீசுவரன் கோயிலுக்குப் போய் விரதமிருந்து வழிபட்ட பின்னரே மூத்த மகன் பிறந்தான் என்பார்கள். அத்தலத்து முருகன் முத்துக்குமாரசுவாமியின் பெயரே பிள்ளைக்கு ஆயிற்று. இறைவன் வைத்தியனாக எழுந்தருளியிருக்கும் தலம் அது. நமது வண்ணார்பண்ணையில் வைத்திலிங்கச் செட்டியார் எழுப்பிய வைத்தீசுவரன் கோயிலும் அதே 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குரியது. அங்கே அக்கோயில் எழுந்த காலத்தில் திருவாரூரில் இந்தப் பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தான்.

பிறந்தது மன்மத வருஷம் பங்குனி மாதம். ஆங்கில ஆண்டை 1775 என்றும் 1776 என்றும் இரு விதமாக எழுதுகிறார்கள். மன்மத வருஷம் 1775 சித்திரையில் தொடங்குவதால் அதன் பங்குனி 1776 மார்ச்சில்தான் வரும். ஆகவே பின்னையதே பொருத்தம் என்பது என் எண்ணம். சியாமா சாஸ்திரிகளும் தியாகராஜ சுவாமிகளும் பிறந்த அதே திருவாரூர், ஏறக்குறைய அதே தலைமுறை. தம்பிமார் சின்னசுவாமி, பாலுசுவாமி, தங்கை பாலாம்பாள்.

குடும்பம் பின்னர் சென்னைக்கு அருகே மணலிக்குப் போயிற்று. முத்துகிருஷ்ண முதலியாரும், அவருக்குப் பின் அவர் மகனும் அவர்களை ஆதரித்தார்கள். கோட்டையில் வெள்ளைக்காரரின் பாண்டு வாத்தியம் முழங்கிய காலம். அந்த மெட்டுக்களைக் கேட்டு அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார் தீட்சிதர். அவைதாம் நாம் சிறுவயதில் பாடிய நோட்டுஸ்வரங்கள். அவற்றுள் ஒன்று ஆங்கிலேயரின் அரச வாழ்த்து மெட்டிலேயே அமைந்தது என்பதை அறிந்த நாளில் வகுப்பே சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. தம்பி பாலுசுவாமி அங்கேயே மேனாட்டு வயலினைப் பயின்று அதைக் கருநாடக இசைக்குள் கொண்டுவந்தார். இந்தத் தம்பியை மறந்துவிடாதீர்கள். கதையின் முடிவில் அவர் மீண்டும் வருவார்.

நோயும் பாட்டும் இந்த வீட்டில் ஒன்றாகவே வளர்ந்தன. இளைய மகன் சின்னசுவாமிக்குக் கண்பார்வை மங்கியபோது தந்தையார் அவனை அழைத்துக்கொண்டு திருப்பதிக்குப் போய், வேங்கடேசப் பெருமாள் மீது நீண்டதோர் இராகமாலிகை பாடினார் என்றும் பார்வை திரும்பியது என்றும் அக்குடும்பத்தார் சொல்லி வந்தார்கள். உண்மையா என்று கேட்டால் என்னிடம் விடையில்லை. மருந்து தீர்ந்த இடத்தில் பாட்டை எடுப்பது அவர்களுக்கு வழக்கமாக இருந்தது என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது.

சிதம்பரநாத யோகி என்ற துறவி மணலிக்கு வந்து, முத்துசுவாமியைத் தம்முடன் காசிக்கு அனுப்பும்படி கேட்டார். பெற்றோர் மனமின்றி அனுப்பினார்கள். சில ஆண்டுகள் காசியில் குருவுக்குப் பணிவிடை, மந்திர உபதேசம், வேதாந்தம், வடநாட்டுத் துருபத இசை. அன்னபூரணியை அங்கே நாள்தோறும் தரிசித்தார். அவர் ஊர் திரும்பும் காலம் வந்தபோது குரு அவரைக் கங்கையில் இறங்கச் சொல்ல, நீருக்குள்ளிருந்து ஒரு வீணை அவர் கைக்கு வந்தது என்பதும், அதன்பின் குரு அந்தக் கங்கையிலேயே சமாதியானார் என்பதும் கர்ணபரம்பரை. வீணையின் கதையைத்தான் எல்லாரும் சொல்வார்கள். தீட்சிதர் தம் வாழ்வில் அருகிருந்து கண்ட முதற்பெரும் பிரிவு அது என்பதை நான் அதனோடு சேர்த்தே நினைப்பதுண்டு.

திரும்பியவர் திருத்தணி சென்றார். முதற் கீர்த்தனை அங்கே மாயாமாளவகௌளையில் பிறந்தது. ஸரளி வரிசை பாடிய ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்த இராகம். முத்திரை குருகுஹ. பின்னர் காஞ்சிபுரம், பின்னர் நெடுங்காலம் திருவாரூர். கமலாம்பாள் மீது நவாவரணக் கீர்த்தனைகள் அங்கே உருவாயின. அவருடைய பாட்டுக்கள் பெரும்பாலும் விளம்ப காலத்தில் நடப்பவை. யானை நடை என்று எங்கள் சங்கீத ரீச்சர் சொல்வார். வீணைத் தந்தியில் ஒரு ஸ்வரம் முழுமையாக அடங்கும்வரை அடுத்தது காத்திருக்கும். சிறுமிகளாக இருந்தபோது எங்களுக்கு அது பொறுமையைச் சோதித்தது. தியாகராஜ சுவாமிகளின் துரித கிருதிகளைத்தான் போட்டிகளுக்குத் தெரிவு செய்தோம்.

திருவாரூர்க் கோயிலில் சுத்த மத்தளம் வாசித்தவர் தம்பியப்பன். தீட்சிதரிடம் பாட்டும் பயின்றவர். அவருக்குத் தீராத வயிற்றுவலி. குன்ம நோய் என்பர். வைத்தியம் பலிக்கவில்லை. தீட்சிதர் சோதிடமும் அறிந்தவர். சாதகத்தைப் பார்த்து, வியாழன் நிலை சரியில்லை, அதற்குச் சாந்தி வேண்டும் என்று கண்டார். ஆனால் வேத மந்திரஞ் சொல்லிச் சாந்தி செய்யும் உரிமை தம்பியப்பனின் குலத்துக்கு அக்கால வழக்கில் இல்லை. தீட்சிதர் வழக்கத்தோடு வழக்காடவில்லை. மந்திரத்தின் இடத்தில் ஒரு பாட்டை வைத்தார். வியாழ பகவான் மீது அடாணா இராகத்தில் ஒரு கீர்த்தனை செய்து, அதைச் சீடருக்குச் சொல்லிக் கொடுத்து, பாடிவரச் சொன்னார். சில நாட்களிலேயே வலி தணிந்தது என்பது வரலாறு. நவக்கிரகக் கீர்த்தனைகள் தொடங்கிய வகை இது.

சைவசமய பாடம் படித்தவர்களுக்கு உடனே அப்பர் சுவாமிகளின் சூலை நோய் நினைவுக்கு வரும். அங்கும் வயிற்றுவலிதான், அங்கும் வைத்தியர் கைவிட்ட பின் பாட்டுத்தான். அங்கே நோயாளியைத் தேற்றித் திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றவர் தமக்கை திலகவதியார். தம்பியப்பன் கதையில் என்னைத் தொடுவது வலி தணிந்த அற்புதத்தைவிட, குரு பாடிக் குணமாக்கவில்லை என்பதுதான். நோயாளியையே பாடவைத்தார். தொட்டுக்கொள்ள ஏதொன்றும் இல்லாமல் படுத்துக் கிடந்தவரின் கையில் செய்வதற்கு ஒரு காரியத்தைக் கொடுத்தார். இராகங்களைக் குளிசை போல வரிசைப்படுத்தி, இன்ன நோய்க்கு இன்ன இராகம் என்று பட்டியல் போடுவோர் இக்கதையை ஆதாரமாகக் காட்டுவதுண்டு. அந்தப் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. குன்மத்துக்கு அடாணா என்று தீட்சிதர் எங்கும் எழுதி வைக்கவில்லை.

வறுமை அவரை விட்டதேயில்லை. வீட்டில் அரிசி இல்லாத ஒரு நாள், அவரிடம் பயின்ற கமலம் என்ற நடனமாது தன் கைவளையலை அடகு வைத்துச் சாமான் வாங்கி வருவதாகச் சொன்னாள். அவர் சம்மதிக்காமல் தியாகேசர் சந்நிதிக்குப் போய் யதுகுலகாம்போதியில் பாடினார். யாரோ ஓர் அதிகாரிக்கென்று சேர்த்த சாமான்கள் தேவைப்படாமற் போக, அன்றே அவை இவர் வீட்டுக்கு வந்தன என்பது கதை. தஞ்சையில் பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நால்வர் அவருக்குச் சீடராயினர். இந்நால்வர் வகுத்த பரத முறையைத்தான் நம் கல்லூரி மேடையிலும் ஆடினோம். தந்தையார் 1817இல் காலமானார். கோயில் கோயிலாகப் பாடிச் சென்ற பயணங்களை எழுதினால் இந்த மலர் போதாது, விட்டுவிடுகிறேன்.

எட்டயபுரம் தூத்துக்குடிக்கு உள்நாட்டிலுள்ள சிறு சமஸ்தானம். பாரதியார் பிறந்த ஊர் என்றால் நமக்கு விளங்கும். பாரதி பிறக்க அப்போது இன்னும் நாற்பத்தேழு ஆண்டுகள் இருந்தன. அங்கே சமஸ்தான வித்துவானாக இருந்தவர் தம்பி பாலுசுவாமி. தம்பியைப் பார்க்க வந்த அண்ணர் கடைசிக் காலத்தில் அங்கேயே தங்கினார். வழியில் வறண்டு கிடந்த நிலத்தைக் கண்டு அமிர்தவர்ஷினி பாட மழை பொழிந்தது என்ற கதை இந்தப் பயணத்துக்குரியதே.

1835ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், நரக சதுர்த்தசி, தீபாவளி நாள். ஆங்கிலக் கணக்கில் ஒக்டோபர் 21. அறுபது ஆண்டுச் சக்கரம் ஒருமுறை சுற்றி, அவர் பிறந்த மன்மத வருஷமே திரும்ப வந்திருந்தது. அன்று அரண்மனை யானை காங்கேயன் கட்டை அறுத்துக்கொண்டு ஓடிச் சுடுகாட்டில் போய் நின்றது. ஊர் கலங்கியது. யானை சுடுகாட்டுக்குப் போவது அரசனுக்கோ நாட்டுக்கோ தீங்கு என்று அஞ்சிய வேங்கடேசுவர எட்டப்ப மன்னர் தீட்சிதரிடம் ஓடி வந்தார். உங்களுக்கும் ஊருக்கும் ஒரு குறையும் வராது என்ற பொருளில் தீட்சிதர் அவரைத் தேற்றி அனுப்பினார். யானை கொண்டுவந்த செய்தி யாருக்குரியது என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

பூசையை முடித்தார். காசியில் கண்ட அன்னபூரணியின் காட்சி மீண்டும் மனத்தில் எழுந்தது. சீடர்களை அருகே அழைத்து, மதுரை மீனாட்சி மீது தாம் கமகக்கிரியா இராகத்தில் செய்திருந்த மீனாட்சி மே முதம் என்ற கீர்த்தனையைப் பாடச் சொன்னார். இன்று நாம் அதைப் பூர்விகல்யாணி என்று பாடுகிறோம். மீன் போன்ற கண்ணுடையவளை, பாசத்தளையை அறுப்பவளைக் கூப்பிடும் இடம் அனுபல்லவியின் இறுதியில் வரும். அந்த இடத்துக்கு வந்ததும் மீண்டும் பாடச் சொன்னார். மீண்டும் பாடினார்கள். இன்னுமொருமுறை. வீணையோடும் கண்ணீரோடும் அதே வரி சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்க, தேவியின் பெயரைச் சொல்லிக்கொண்டு உயிர் அடங்கியது. அறுபதாவது வயது நடந்துகொண்டிருந்தது. அந்த நாளில் நம் குடாநாட்டில் உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளிக்கு வயது பதினொன்று.

இதெல்லாம் பக்தர் கட்டிய கதையா என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. யானையைப் பற்றி நான் சாதிக்க மாட்டேன். ஆனால் இதை எழுதி வைத்தவர் சுப்பராம தீட்சிதர். 1839இல் பிறந்தவர், பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரன், அவராலேயே சுவீகாரம் எடுத்து வளர்க்கப்பட்டவர். அவருடைய சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி 1904இல் எட்டயபுரத்திலேயே அச்சாயிற்று. அதாவது அந்த அறையில் இருந்த தம்பியின் வாயால் கேட்டு வளர்ந்த பிள்ளை எழுதியது. கடைசிப் பாட்டு எதுவென்று ஒரு வீடு மறப்பதில்லை. உங்கள் வீட்டிலும் மறந்திருக்காது.

இதை நான் திரும்பவும் எடுத்துப் படித்ததற்குக் காரணம் கனடாவிலிருந்து வந்தது. அங்கே முதியோர் பராமரிப்பில் பணிபுரியும் நம் பழைய மாணவி ஒருவர், தம் வைத்தியசாலையில் இசைச் சிகிச்சையாளர் ஒருவர் கித்தாரோடு கட்டில் கட்டிலாகப் போவதைப் பற்றி எழுதியிருந்தார். இலண்டனில் 1967இல் சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற நிலையத்தைத் திறந்தபோது, குணமாகாதவர்களுக்கும் வைத்தியத்தில் இடமுண்டு என்ற எண்ணம் புதிதாக உருவம் பெற்றது. தாதியாகவும் சமூக சேவையாளராகவும் இருந்து, பிறகு வைத்தியராகப் படித்தவர் அவர். சாகும் மனிதரின் வலி உடலில் மட்டும் இல்லை, மனத்திலும் குடும்பத்திலும் ஆன்மாவிலும் இருக்கிறது என்றார். 1975இல் மொன்றியல் றோயல் விக்ரோரியா வைத்தியசாலையில் பல்ஃபர் மவுண்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அதே வழியில் ஒரு வாட்டைத் தொடங்கினார். சூசன் மன்றோ என்ற இசைச் சிகிச்சையாளர் அவரோடு சேர்ந்து பணிபுரிந்து, 1978இல் இருவரும் கனேடிய வைத்திய சஞ்சிகையில் தங்கள் அனுபவத்தை எழுதினார்கள். இத்துறையில் முன்னோடிக் கட்டுரைகளுள் அது ஒன்று.

அவர்களுடைய முறையை அறிந்தபோது எட்டயபுரம்தான் கண்முன் வந்தது. பாட்டை நோயாளியே தெரிவு செய்ய வேண்டும். அவர் வாழ்வில் ஏற்கெனவே இடம்பெற்ற பாட்டாக இருப்பது நல்லது. மூச்சு வேகமாக இருந்தால் முதலில் அந்த வேகத்திலேயே தொடங்கி, மெல்ல மெல்லக் காலத்தைத் தாழ்த்திக்கொண்டு போவார்கள். மூச்சும் பல சமயம் கூடவே தாழும். அவர் கேட்டால் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். சுற்றியிருக்கும் குடும்பத்தாரும் சேர்ந்து பாடலாம். பாட்டு அவர்களுக்கும் உரியது. மருந்தை நிறுத்துவதில்லை; மோர்பீன் தேவைப்பட்டால் மோர்பீன்தான். நோய் போகும் என்று யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. நினைவிழந்தவருக்குக் கேட்குமா என்ற பழைய ஐயத்துக்கும் ஓரளவு விடை கிடைத்திருக்கிறது. வன்கூவரில் இறுதிக் கட்டத்திலிருந்த சிலரின் மூளை அலைகளைப் பதிவு செய்த ஆய்வு ஒன்று 2020இல் வெளிவந்தது. அழைத்தால் அசையாத நிலையிலும் சிலரின் மூளை ஒலி மாற்றத்தை உணர்ந்ததைக் காட்டியது.

நமது ஊருக்கு இது முற்றிலும் அந்நியமல்ல. சேடம் இழுக்கத் தொடங்கினால் பால் பருக்கி, தலைமாட்டில் ஒருவர் இருந்து சிவபுராணம் படிப்பது நமது வழக்கம். உயிர் போனபின் சுண்ணம் இடிக்கையில் திருப்பொற்சுண்ணம் பாடுவோம். கிறிஸ்தவ வீடுகளில் கட்டிலைச் சுற்றி நின்று கீர்த்தனை பாடுவார்கள். நம் வகுப்பில் இரு வீட்டுப் பிள்ளைகளும் இருந்தோம், இரண்டையும் கேட்டிருக்கிறோம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. நாங்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. இன்னது படிக்க வேண்டும் என்று சுற்றத்தார் தீர்மானிப்பார்கள். அதுவும் கடைசி மணித்தியாலத்தில், கிடப்பவர் வாய்திறக்க முடியாத வேளையில். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அம்மம்மா சாவதற்கு ஒரு கிழமைக்கு முன், பாகவதரின் பழைய சினிமாப் பாட்டொன்றைக் கேட்க ஆசைப்பட்டார். சாகிற நேரத்தில் சினிமாப் பாட்டா என்று பெரியவர்கள் முகஞ்சுழித்தார்கள். பேத்தி கைத்தொலைபேசியைத் தலையணைக்குக் கீழே வைத்துப் போட்டுவிட்டாள். கிழவியின் விரல் பாயில் தாளம் போட்டது.

தெல்லிப்பளையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. தூர ஊர்களிலிருந்து வந்து வாரக்கணக்காகக் கிடப்பவர்கள் இருக்கிறார்கள். ஆசிரியர் தரம் முடித்து வீட்டில் வீணையைத் துணிபோட்டு மூடி வைத்திருக்கும் பழைய மாணவிகள் குடாநாட்டில் எத்தனை பேர்! இசைச் சிகிச்சை என்பது படித்துப் பெறும் தொழில். வீணையைத் தூக்கிக்கொண்டு வாட்டுக்குள் நுழைந்துவிட முடியாது. வைத்தியரும் தாதியரும் சம்மதிக்க வேண்டும். நோயாளி வேண்டாம் என்றால் திரும்பி வர வேண்டும். ஆனால் தீட்சிதரின் விளம்ப காலம் கைவந்தவர்களுக்கு, ஒரு ஸ்வரம் அடங்கும்வரை காத்திருக்கப் பழகியவர்களுக்கு, அந்தத் தொழிலின் பாதி ஏற்கெனவே தெரியும். நூற்றாண்டு மண்டபத்துக்குப் பணம் சேர்க்கும் நமது சங்கம், ஓரிருவரை இதைப் படிக்க அனுப்புவதைப் பற்றியும் ஒரு கூட்டத்தில் பேசலாம்.

குன்ம நோய் தணிந்த தம்பியப்பனின் கதையை முடிக்காமல் விட்டேன். அவர் குருவின் பாட்டுக்களைப் பாடிக்கொண்டு வாழ்ந்தார். அவரிடம் பயின்றவர் சாத்தனூர்ப் பஞ்சநத ஐயர். அவரிடம் பயின்றவர் வீணை தனம்மாள். முதுமையில் கண்பார்வை இழந்த அந்த அம்மாளின் வீட்டில், சென்னையில், வெள்ளிக்கிழமை மாலைகளில் பெரிய வித்துவான்கள் எல்லாரும் வந்து மூச்சு விடாமல் இருந்து கேட்டார்கள். தீட்சிதரின் கீர்த்தனைகளிற் பல, ஒரு காலத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்த அந்த மத்தளகாரர் வழியாகத்தான் அவர் விரல்களுக்கு வந்து சேர்ந்தன. அவரிடமிருந்து பேத்திமார் பிருந்தாவும் முக்தாவும் பெற்றுக்கொண்டார்கள்.